தொடையில் குழி: பிரஷ் போட்டுத் தேய்த்தால் போகுமா?



போன மாதம் அமிர்தி பக்கத்தில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு வசூல் முடிந்து உள்கடன் கேட்கும் நேரம். ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்யும் ஒரு பெண் எழுந்து இரண்டாயிரம் ரூபாய் கேட்டாள். அவளுக்குத் தை மாதம் கல்யாணம். "எதுக்கும்மா பணம்? துணி எடுக்கவா?" என்று ஊக்குநர் கேட்டார். அவள் பதில் சொல்லாமல் பக்கத்தில் இருந்த தோழியின் காதில் ஏதோ சொன்னாள். தோழிதான் எல்லோருக்கும் சொன்னாள்.

"ஒடம்பு தேய்க்கிற பிரஷ்ஷும் அதோட எண்ணெயும் வாங்கணுமாம்க்கா. தொடையில குழி குழியா கீதாம். குளிக்கறதுக்கு முன்னாடி, காஞ்ச ஒடம்புல பிரஷ் போட்டுத் தேச்சா ஒரே மாசத்துல வழவழன்னு ஆயிடும்னு செல்போன்ல காட்டினாங்களாம்."

சிலர் சிரித்தார்கள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் கூட்டம் முடிந்ததும், சிரித்தவர்களிலேயே இரண்டு பேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எனக்கும் அப்படித்தான் கீது. அது இன்னா வியாதிக்கா?" என்று கேட்டார்கள். வெளியே சொல்ல வெட்கப்பட்டு மனதுக்குள் வைத்திருப்பவர்கள் இன்னும் எத்தனை பேரோ! அதனால் இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

இந்தப் பாடத்தில் நாம் தெரிந்துகொள்ளப் போவது:

1. தொடையில் விழும் குழி என்ன? அது நோயா?
2. பிரஷ் போட்டுத் தேய்ப்பதால் என்ன ஆகும், என்ன ஆகாது?
3. யார் கண்டிப்பாகத் தேய்க்கக் கூடாது?

குழி எப்படி வருகிறது?

இலவம்பஞ்சு மெத்தையைப் பாருங்கள். பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்காமல் இருக்க, மேலிருந்து கீழாக நூல் விட்டு இழுத்து முடிச்சுப் போட்டிருப்பார்கள். முடிச்சுப் போட்ட இடம் பள்ளமாகவும், நடுவில் பஞ்சு உப்பிக்கொண்டும் இருக்கும். நம் தொடையும் இடுப்பும் அப்படித்தான். தோலுக்கு அடியில் கொழுப்பு ஒரு மெத்தை மாதிரி இருக்கிறது. அந்தக் கொழுப்புக்கு நடுவே நார் இழைகள் தோலைக் கீழே உள்ள சதையோடு இழுத்துக் கட்டியிருக்கின்றன. இழை இழுக்கும் இடத்தில் குழி விழுகிறது. மற்ற இடத்தில் கொழுப்பு மேலே தள்ளுகிறது. இதைத்தான் 'செல்லுலைட்' என்கிறார்கள்.

ஆண்களுக்கு ஏன் இது அதிகம் வருவதில்லை? அவர்களுக்கு இந்த இழைகள் பெரும்பாலும் குறுக்கும் நெடுக்குமாக, வலை பின்னியது மாதிரி இருக்கும். பெண்களுக்கு நேர் கீழாக இருக்கும். மேலும், வயதுக்கு வந்த பிறகு பெண் உடம்பில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் தொடையிலும் இடுப்பிலும் கொழுப்பைச் சேர்த்து வைக்கிறது. கர்ப்ப காலத்துக்கும் பால் கொடுக்கும் காலத்துக்கும் உடம்பு வைத்துக்கொள்ளும் சேமிப்பு அது. நாம் குழுவில் சேமிப்பது மாதிரி.

வயதுக்கு வந்த பெண்களில் நூற்றுக்கு 80 முதல் 90 பேருக்கு இந்தக் குழி இருக்கும் என்று தோல் மருத்துவ நூல்கள் சொல்கின்றன. குண்டானவர்களுக்கு மட்டும் இல்லை, ஒல்லியானவர்களுக்கும் உண்டு. அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வரலாம். நூற்றில் எண்பது பேருக்கு மேல் இருப்பதை வியாதி என்று சொல்ல முடியுமா? வலி இல்லை. ஆபத்து இல்லை. மற்றவருக்குத் தொற்றாது.

இது குறை என்று யார் சொன்னது?

நம் பாட்டி காலத்தில் இதற்கு ஒரு தனிப் பெயர்கூட இருந்ததாக நான் கேட்டதில்லை. செல்லுலைட் என்பது பிரெஞ்சு நாட்டுச் சொல். 1960-களின் கடைசியில்தான் அது அமெரிக்கப் பெண்கள் பத்திரிகைகளுக்கு வந்தது. 1973-ல் நியூயார்க்கில் அழகு நிலையம் நடத்திய நிக்கோல் ரோன்சார் என்பவர் இதைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். அது நன்றாக விற்றது. அதன் பிறகு கிரீம், எண்ணெய், பிரஷ், மெஷின் என்று ஒவ்வொன்றாகக் கடைக்கு வந்தன.

1978-ல் நூர்ன்பெர்கர், முல்லர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பெண் தோலையும் ஆண் தோலையும் வெட்டிப் பார்த்து ஆராய்ந்தார்கள். மேலே சொன்ன இழை வித்தியாசத்தை விளக்கியவர்கள் அவர்கள்தான். தங்கள் கட்டுரையின் தலைப்பிலேயே இது இட்டுக்கட்டிய நோய் என்று எழுதினார்கள். அது எழுதி நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வியாபாரம் மட்டும் நிற்கவில்லை. இன்று அது அமிர்தி வரைக்கும் வந்து, நம் குழுவின் கடன் பட்டியலில் ஏறப் பார்க்கிறது.

டேனரி வேலை தெரிந்தவர்களுக்கு இது புரியும்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் வேலை தெரியாத வீடு குறைவு. டேனரியில் என்ன செய்கிறார்கள்? உப்புப் போட்டு வந்த தோலை ஊறவைத்து, சுண்ணாம்பில் போடுகிறார்கள். முடி கழன்றுவிடுகிறது. அதோடு மெல்லிய மேல்தோலும் போய்விடுகிறது. பிறகு தோலின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சதை, ஜவ்வு, கொழுப்பு எல்லாவற்றையும் வழித்து எடுக்கிறார்கள். முன்பு கத்தியால் வழித்தார்கள், இப்போது மெஷின். இந்த வேலைக்கு 'பிளெஷிங்' என்று பெயர்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. கொழுப்பை எந்தப் பக்கத்திலிருந்து எடுக்கிறார்கள்? உள்பக்கத்திலிருந்து. முடி இருந்த வெளிப்பக்கத்தை நாள் முழுக்க பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் உள்ளே இருக்கும் கொழுப்பில் ஒரு துளிகூட வராது. நடுவில் தடித்த தோல் இருக்கிறதே! செருப்பும் ஷூவும் செய்யும் அளவுக்கு உறுதியான பகுதி அது.

நம் உடம்பிலும் அதே அடுக்குதான். மேலே தாள் கனத்துக்கு மேல்தோல். அதற்குக் கீழே உறுதியான உள்தோல். அதற்கும் கீழேதான் கொழுப்பும், குழியை உண்டாக்கும் இழைகளும். பிரஷ் படுவது மேல்தோலில் மட்டும். மாட்டுத் தோலில் வெளியே தேய்த்தால் போகாத கொழுப்பு, உயிருள்ள மனுஷி தோலில் மட்டும் எப்படிப் போகும்?

பிரஷ் என்ன செய்யும்?

பிரஷ் ஒன்றுமே செய்யாது என்று சொல்ல மாட்டேன். காய்ந்த தோலில் மெதுவாகத் தேய்த்தால் மேலே இருக்கும் செத்த தோலும் அழுக்கும் உதிரும். தொட்டால் மழமழப்பாகத் தெரியும். தேய்த்த இடத்துக்கு ரத்த ஓட்டம் கூடி, தோல் சிவந்து லேசாக உப்பும். அந்த உப்பலில் குழி கொஞ்சம் மறைந்த மாதிரி தோன்றும். விளம்பரத்தில் 'முன்', 'பின்' என்று படம் காட்டுவதற்கு அது போதும். சிவப்பு அடங்கியதும் குழி பழையபடி தெரியும். பிரஷ் தேய்த்துக் குழி நிரந்தரமாகக் குறைந்தது என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை.

"தேய்த்தால் உடம்பில் இருக்கும் கழிவு, விஷம் எல்லாம் இறங்கிவிடும்" என்றும் சொல்கிறார்கள். நம் உடம்பில் கழிவைப் பிரித்து வெளியேற்றும் வேலையைச் செய்வது ஈரலும் சிறுநீரகமும். தொடையில் இருப்பது கழிவு இல்லை, கொழுப்பு. "நிணநீர் ஓடும்" என்பது இன்னொரு பேச்சு. நிணநீரை ஓட வைப்பதில் பெரிய பங்கு நம் சதை அசைவுக்குத்தான். தண்ணீர்க் குடம் தூக்கி நடந்தாலும், நூறு நாள் வேலைக்குப் போய் வந்தாலும் அது ஓடும்.

இன்னொரு செய்தியும் கேளுங்கள். இந்த இழைகளைக் கரைப்பதற்கென்றே 2020-ல் அமெரிக்காவில் ஒரு ஊசி மருந்துக்கு அனுமதி கொடுத்தார்கள். ஊசி போட்ட இடத்தில் பெரிதாகக் கன்றிப்போவதும், தோல் நிறம் மாறி நீண்ட நாள் அப்படியே இருப்பதும் பிரச்சினை ஆனது. 2022 டிசம்பரில் அந்த மருந்துக் கம்பெனியே விற்பனையை நிறுத்துவதாக அறிவித்தது. கோடிக்கணக்கில் செலவு செய்து உள்ளே ஊசி போட்டும் சரியாக வராத காரியம், வெளியே பிரஷ் போட்டால் வருமா?

நம் வீட்டுத் தேய்ப்பு

உடம்பு தேய்ப்பது நமக்குப் புதிது இல்லை. வேலியில் படர்ந்த பீர்க்கங்காய் முற்றிக் காய்ந்ததும், தோலை உரித்து விதையைத் தட்டிவிட்டு நாரை எடுத்து வைப்போம். நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காயோ அரப்போ போட்டு, அந்த நாரால் தேய்த்துக் குளிப்போம். குழந்தைகளுக்குப் பயத்தமாவு. இதெல்லாம் அழுக்குப் போகவும் அலுப்புத் தீரவும் செய்தது. தொடைக் குழியைப் போக்க யாரும் செய்யவில்லை.

சித்த மருத்துவத்தில் புற மருத்துவம் 32 வகை என்பார்கள். அதில் 'பொடி திமிர்தல்' என்று ஒன்று உண்டு. மருந்துப் பொடியை உடம்பில் தேய்ப்பது. ஆயுர்வேதத்தில் இதைப் போன்றதை 'உத்வர்த்தனம்' என்கிறார்கள். அதெல்லாம் வைத்தியர் ஆளைப் பார்த்து, உடம்பைப் பார்த்து, பொடியைத் தீர்மானித்துச் செய்ய வேண்டியது. செல்போனைப் பார்த்து நாமே செய்துகொள்வதற்கு அது சமம் இல்லை.

பெயர் ஒன்று போல, ஆபத்து வேறு

அன்று கூட்டத்தில் ஒரு மூத்த உறுப்பினர், சர்க்கரை உள்ளவர், தன் புடவையைக் கணுக்கால் வரை தூக்கிக் காலைக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே தோல் கறுத்து இறுகி இருந்தது.

"எனக்கு அரிப்பு கீதுன்னு தேங்கா நாரால அழுத்தித் தேச்சிகினேன். ரத்தம்கூட வரல. லேசா கீறல், அவ்ளோதான். மூணாம் நாள் கால் நெருப்பா எரியுது. செவந்துபோச்சு. நடுக்கத்தோட ஜொரம். தொடை இடுக்குல நெறி கட்டிக்கிச்சு. ஆஸ்பத்திரில ஏழு நாள் படுத்தேன். இன்னும் ரெண்டு நாள் கழிச்சி வந்திருந்தா காலே போயிருக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க" என்றார்.

அவருக்கு வந்த நோயின் பெயர் 'செல்லுலைட்டிஸ்'. செல்லுலைட் வேறு, செல்லுலைட்டிஸ் வேறு. பெயர் ஒன்று போல இருப்பதால் குழப்பிக்கொள்ளக் கூடாது.

* செல்லுலைட்: தோலுக்கு அடியில் இழை இழுப்பதால் விழும் குழி. நோய் இல்லை. வைத்தியம் தேவையில்லை.
* செல்லுலைட்டிஸ்: கிருமி தோலுக்குள் நுழைந்து பரவும் நோய். உடனே வைத்தியம் தேவை. தள்ளிப் போட்டால் கிருமி ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்து.

கிருமி எப்படி நுழைகிறது? கண்ணுக்குத் தெரியாத சின்னக் கீறல் போதும். கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண், குதிகால் வெடிப்பு, சொறிந்த இடம், முரட்டு பிரஷ் போட்டுத் தேய்த்த இடம், எல்லாமே அதற்கு வாசல்தான். நோயில்லாத ஒன்றைப் போக்குவதற்காகத் தேய்த்து, உண்மையான நோயை வரவழைத்துக்கொள்ளக் கூடாது. இந்தப் பாடத்தில் வேறு எது மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

இவர்கள் பிரஷ், நார், கல் எதையும் போட்டு அழுத்தித் தேய்க்கக் கூடாது

* சர்க்கரை நோய் உள்ளவர்கள். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் கீறல் பட்டதே தெரியாது. புண்ணும் சீக்கிரம் ஆறாது.
* யானைக்கால் வீக்கம் உள்ளவர்கள். நம் வேலூர் பக்கமும் யானைக்கால் நோய் இருந்த பகுதிதான். வீடு வீடாக வந்து மாத்திரை கொடுத்தது பலருக்கு நினைவிருக்கும். வீங்கிய காலில் கிருமி புகுந்து ஒவ்வொரு தடவை காய்ச்சல் வரும்போதும் வீக்கம் இன்னும் கூடும். அந்தக் காலைச் சோப்புப் போட்டுக் கையாலோ மெல்லிய துணியாலோ மெதுவாகக் கழுவி, விரல் இடுக்கு வரை ஒற்றித் துடைக்க வேண்டும்.
* டேனரி, ஷூ கம்பெனி வேலையில் கை கால் தோல் அரித்து, வெடித்து இருப்பவர்கள். குரோம், பசை போன்றவை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அந்தத் தோலைத் தேய்த்தால் புண் பெரிதாகும்.
* நரம்பு சுருட்டிக்கொண்டு புடைத்திருப்பவர்கள்.
* படை, சிரங்கு, கொப்புளம், ஆறாத புண் உள்ளவர்கள்.

இப்படி இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்

ஒரு காலில் மட்டும் திடீரென்று சிவப்பு, சூடு, வலி, வீக்கம், சிவப்பு நேரத்துக்கு நேரம் பரவுவது, குளிர் காய்ச்சல், நெறி கட்டுவது. இவற்றைப் பார்த்தால் மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திருக்க வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் சொல்லி மாத்திரை வாங்கிச் சமாளிக்கவும் வேண்டாம். சிவப்பு எதுவரை இருக்கிறது என்று பேனாவால் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டு உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். கோட்டைத் தாண்டிப் பரவியிருக்கிறதா என்று டாக்டர் பார்க்க அது உதவும். அவர்கள் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால், அமிர்தி, கணியம்பாடி பக்கத்தில் உள்ளவர்களுக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வழியிலேயே இருக்கிறது. நடக்க முடியாவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆசையாக இருக்கிறதே, என்ன செய்யலாம்?

அழகாக இருக்க ஆசைப்படுவது தப்பு இல்லை. கல்யாணப் பெண்ணுக்கு அது இல்லாமல் இருக்குமா? மேலே சொன்ன எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள் இப்படிச் செய்யலாம்:

1. பீர்க்கங்காய் நாரைத் தண்ணீரில் ஊறவைத்து, மெத்தென்று ஆன பிறகு வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை மெதுவாகத் தேய்க்கலாம். எரிச்சல் வந்தால் நிறுத்திவிட வேண்டும்.
2. ஒருவர் நாரை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது. குளித்ததும் நாரை வெயிலில் காயவைக்க வேண்டும். ஈரமாகவே கிடந்தால் அதில் கிருமி வளரும்.
3. குளித்த ஈரம் முழுதும் காய்வதற்குள் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் தோல் வறளாது.
4. நடப்பது, படி ஏறுவது, உட்கார்ந்து எழுவது தொடைச் சதையை உறுதியாக்கும். சதை உறுதியானால் சிலருக்குக் குழி கொஞ்சம் குறைவாகத் தெரியும். மிஷின் முன்னால் எட்டு மணி நேரம் உட்கார்ந்தே வேலை செய்பவர்கள் நடுநடுவே எழுந்து நாலு அடி நடந்துவிட்டு வாருங்கள்.

இவற்றாலும் குழி முழுதாகப் போகாது. பிரசவக் கோடும் அப்படித்தான், நாள் ஆக வெளுக்கும், முழுதாக மறையாது.

கடன் விஷயம்

இரண்டாயிரம் ரூபாய்க்கு, நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி என்றால் மாதம் 40 ரூபாய். பொருளில் பலன் இல்லை, வட்டி மட்டும் உண்டு. யாராவது "இத்தனை நாளில் கொழுப்புக் கரையும், உத்தரவாதம்" என்று சொன்னால் உஷாராக இருங்கள். உடல் பருமனைக் குணமாக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பொருள் வாங்கி ஏமாந்தவர்கள் ரசீதை வைத்துக்கொண்டு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

அன்று கூட்டத்தில் இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்: "அப்போ இது போகவே போகாதாக்கா?"

"போகாதும்மா. என்கிட்டயும் கீது" என்றேன்.

"என்கிட்டயும்தான்" என்றார் ஊக்குநர். பிறகு ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். பதினான்கு பேரில் பதினோரு பேர். இந்தத் தடவையும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தப் பெண்ணும் சேர்ந்து சிரித்தாள். "கடன் இப்ப வேணாம்க்கா, தை மாசம் கேக்கறேன்" என்று சொல்லி உட்கார்ந்தாள். தீர்மானப் புத்தகத்தில் அவள் பெயருக்கு நேரே எதையும் எழுதவில்லை.

உங்கள் குழுவில் கலந்து பேசுங்கள்

1. செல்லுலைட், செல்லுலைட்டிஸ் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? படிக்கத் தெரியாத உறுப்பினருக்கு உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்.
2. நம் குழுவில் சர்க்கரை உள்ளவர்கள், கால் வீக்கம் உள்ளவர்கள் யார் யார்? அவர்கள் தினமும் காலைப் பார்த்துக்கொள்கிறார்களா?
3. கடந்த ஒரு வருடத்தில் செல்போன் விளம்பரத்தைப் பார்த்து வாங்கிய பொருள் எது? அதில் பலன் இருந்ததா?
4. ஒரு உறுப்பினர் உடம்பைப் பற்றிக் கூச்சத்தோடு கேள்வி கேட்டால் நாம் சிரிக்கிறோமா, பதில் சொல்கிறோமா?

அடுத்த கூட்டத்தில், சேமிப்பு வசூலுக்குப் பிறகு, இந்தப் பாடத்தை ஒருவர் சத்தமாகப் படியுங்கள். கேள்வி வந்தால் எழுதி வைத்துக் கூட்டமைப்புக்கு அனுப்புங்கள். பெயர் போட வேண்டாம், கேள்வி மட்டும் போதும்.